கூலி கேளாத கைத்தொழில்



பங்குக் குருவின் இல்லத்தை நாடி வரும் பெற்றோரின் முறையீடுகள் காலத்துக்கேற்ப மாறிக்கொண்டே வருகின்றன. மகன் திரைப்படக் கொட்டகையே கதியென்று கிடக்கிறான் என வருந்திய தலைமுறை ஒன்று இருந்தது. தொலைக்காட்சியைக் குறைகூறிய தலைமுறை அதன்பின் வந்தது. கைப்பேசியைப் பற்றிய முறையீடு இன்றளவும் ஓயவில்லை. இவற்றோடு அண்மையில் புதியதொன்றும் சேர்ந்திருக்கிறது.

"சாமி, பையன் இராப்பகலாகக் கணினி முன் உட்கார்ந்து ஏதோ எழுதுகிறான். என்னடா என்றால் 'கோடிங்' என்கிறான். யாருக்காக எழுதுகிறாய் என்றால் எல்லாருக்காகவும் என்கிறான். எவ்வளவு கொடுப்பார்கள் என்றால் சிரிக்கிறான்."

இவ்வாறு என்னிடம் முறையிட்டவர் கடலூர் முதுநகரில் சிறிய தையற்கடை ஒன்று நடத்தும் பெரியவர். அவருடைய மகன் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், கணினிப் பொறியியல் பயில்கிறான். வங்கியில் கல்விக்கடன் வாங்கியே அவனைச் சேர்த்திருக்கிறார். வாரநாள்களில் அண்ணாமலை நகரில் நண்பர்களோடு அறையெடுத்துத் தங்குகிறான். விடுமுறை நாளில் வீடு வந்தாலும், ஞாயிறு முதற்பூசை முடிந்த கையோடு விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறிவிடுகிறான். அங்கே கணினி பயிலும் மாணவர்கள் கூடுகிறார்களாம். ஒருவருக்கொருவர் கற்பித்துக் கொள்கிறார்களாம். கட்டணமும் இல்லை, ஊதியமும் இல்லை.

"துணி வெட்டுகிறவன் கூலி வாங்காமல் வெட்டினால் வீட்டில் அடுப்பு எரியுமா, சாமி?" என்றார் பெரியவர். கேள்வி நியாயமானது. ஏழை வீட்டுக்கு நேரமே முதல். அதை மகன் வாரி இறைக்கிறான் எனத் தோன்றினால் எந்தத் தந்தைக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். நேரில் கண்டறிந்து சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

விகடகவியால் வந்த வினை

ஒரு விடுமுறை நாளில் சிதம்பரம் சென்றேன். அந்த அறையில் ஏழெட்டு இளைஞர்கள் பாயில் அமர்ந்திருந்தனர். நடுவே மடிக்கணினிகள். நம் தையற்காரர் மகனிடம் இருந்தது அவன் அக்காளுடையது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ், மேனிலைப் பள்ளியில் படித்தபோது அவளுக்கு இலவசமாகக் கிடைத்தது. வயதாகித் தளர்ந்துவிட்ட அந்தப் பொறியில், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நண்பர்கள் நிறுவிக் கொடுத்தபின் அது மீண்டும் நடமாடத் தொடங்கியதாம்.

"நிரல் என்றால் என்ன, தம்பி? என்னைப் போன்றவனுக்கும் விளங்கும்படி சொல்" என்றேன்.

கணினிக்கு நாம் வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளைகளே நிரல் என்றான். சமையல் அறியாதவருக்கு அடுப்பை மூட்டுவது முதல் தாளித்து இறக்குவது வரை ஒவ்வொரு படியாக எழுதிக் கொடுப்பது போன்றது அது. ஒரு படி விட்டுப்போனாலும் கணினி தானாக ஊகித்துக் கொள்ளாது. எழுதியதை மட்டுமே செய்யும்.

பின்னர், தான் இவ்வழியில் இறங்கிய கதையைச் சொன்னான். கணினி பயிலும் மாணவர் அனைவருக்கும் தொடக்கத்தில் ஒரு பயிற்சி தரப்படுவதுண்டு. ஒரு சொல்லைப் பின்னிருந்து திருப்பிப் படித்தாலும் அதே சொல்லாக வருகிறதா என்று கண்டறிய நிரல் எழுத வேண்டும். இவனும் எழுதினான். ஆங்கிலச் சொற்களுக்கு விடை சரியாக வந்தது. வீட்டுக்கு வந்தவன் விளையாட்டாக, நாம் எல்லாரும் சிறுவயது முதல் அறிந்த 'விகடகவி' என்னும் சொல்லைக் கொடுத்தான். இது திருப்பினால் மாறிவிடும் சொல் என்று கணினி அறிவித்துவிட்டது!

காரணம் இதுதான். விகடகவி நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கோ ஏழு குறிகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வந்தது. அம்முறையில் 'வி' என்பது ஓர் எழுத்தன்று. வகரத்துக்கு ஓர் எண், அதன்மேல் வரும் விலங்குக்கு வேறோர் எண். ஏழு குறிகளையும் கடைசியிலிருந்து அடுக்கினால், முதலிலேயே விலங்கு ஒன்று சார்ந்து நிற்க எழுத்தின்றித் தனித்து நிற்கிறது. இரண்டாவது விலங்கு பக்கத்துக் ககரத்தின் மீது ஏறி அதனைக் 'கி' ஆக்கிவிடுகிறது. இறுதி வகரம் விலங்கை இழந்து நிற்கிறது. 'தமிழ்' என்னும் சொல்லையே எண்ணச் சொன்னாலும், நமக்கு மூன்றாக இருப்பது கணினிக்கு ஐந்தாகிவிடுகிறது.

"நம் மொழியின் பெயரையே ஒழுங்காக எண்ணத் தெரியவில்லையே என்று அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, சாமி" என்றான் அந்தப் பிள்ளை.

மாணவர் குழுவில் கேட்டான். இதற்கு விடை முன்னரே உண்டு என்றார்கள். முத்து அண்ணாமலை என்னும் பொறியாளரும் அவருடைய நண்பர்களும் 'ஓப்பன் தமிழ்' என்றொரு நிரல்தொகுப்பை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். எழுத்தையும் அதைச் சார்ந்த குறியையும் சேர்த்து ஓரெழுத்தாக எண்ணக் கணினிக்குக் கற்றுத்தருகிறது அது. சிறுவர்கள் தமிழிலேயே நிரல் எழுதிப் பழக 'எழில்' என்னும் நிரல்மொழியைப் படைத்தவரும் அவரே. இவற்றை எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். உள்ளிருக்கும் கட்டளைகளைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் கொடுக்கலாம். இத்தகையவற்றையே கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள்.

பழைய தடத்தில் புதிய கால்கள்

இதைக் கேட்டபோது என் உள்ளம் வீரமாமுனிவரை நோக்கிச் சென்றது. பெஸ்கி என்னும் இத்தாலிய நாட்டுக் குருவாகிய அவர் 1680இல் பிறந்து, தமிழகம் வந்து, 1747இல் மறைந்தார். அவர் காலத்து ஓலைகளிலே எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கண்ணுக்குத் தெளிவான வேறுபாடு இல்லை. படிப்பவரே இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டும். ஒற்றைக் கொம்பை இரட்டைச் சுழிக் கொம்பாக்கி நெடிலை வேறுபடுத்திக் காட்டியவர் அவர் என்பதை மாணவர் யாவரும் அறிவர். அவருக்கு முன்னரே, 1578இல், அண்ட்ரீக்கு அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்துகளில் அச்சிட்டிருந்தார். சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டிக் கடலோரமாகச் சென்றால் வரும் தரங்கம்பாடியில், 1713இல் லுத்தரன் சபையார் அச்சகம் கண்டனர்.

இவர்களுள் எவரும் தாம் சீர்செய்த எழுத்துக்கு உரிமைத் தொகை கேட்டாரில்லை. ஏகாரத்தை எழுதும்போதெல்லாம் வீரமாமுனிவருக்குக் காலணா கொடுக்க வேண்டும் என்று எவரேனும் விதித்திருந்தால் தமிழ் என்னவாகியிருக்கும்? எழுத்து எல்லாருக்கும் பொது. அதைச் செப்பனிடும் உழைப்பும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஓலையிலும் அச்சிலும் நடந்த அதே பணியைத்தான் கணினியில் இந்தப் பிள்ளைகள் தொடர்கிறார்கள்.

கடலூர் மாவட்டத்தவராகிய நமக்கு இது அந்நியமான நெறியும் அன்று. வடலூரிலே 1867இல் இராமலிங்க அடிகளார் மூட்டிய அடுப்பு, வருகிறவர் யாரென்று கேளாமல் இன்றும் சோறிடுகிறது. பசித்தவனுக்குச் சோற்றைப் பொதுவில் வைத்த மண்ணில், படிக்க விரும்புகிறவனுக்கு அறிவைப் பொதுவில் வைப்பது வியப்பாகுமா?

தமிழுலகில் இப்பணியில் ஈடுபட்டோர் பலர். த. சீனிவாசன் என்பவரும் நண்பர்களும் 2012இல் 'கணியம்' என்னும் மின்னிதழைத் தொடங்கி, கட்டற்ற மென்பொருள் பற்றிய பாடங்களைத் தமிழிலேயே எழுதி வருகிறார்கள். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. விழுப்புரத்துக் குழு சிற்றூர்களிலிருந்து வரும் கல்லூரி மாணவர்க்கு வாரவிடுமுறையில் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கிறது. நம் தையற்காரர் மகன் பேருந்து ஏறியது அங்கேதான்.

திரும்பி வந்த நிரல்

அவன் அங்கே கற்றதோடு நிற்கவில்லை. தானும் ஏதேனும் தர வேண்டும் என்று எண்ணினான். அவன் கண்ணில் பட்டது மற்றொரு குறை. தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னால், வெறும் எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல்கள் தடுமாறுகின்றன. நம் நெடுங்கணக்கில் கடைசி எழுத்தாகிய னகரத்தை அவை பகரத்துக்கு முன்னே கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. 'ய, ர, ல, வ' என்று நாம் ஓதிய வரிசையில் றகரமும் ளகரமும் ழகரமும் இடையே புகுந்துவிடுகின்றன. பெயர்ப்பட்டியலைச் சரியாக அடுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, பொதுவில் வளரும் ஒரு மென்பொருளுக்கு அனுப்பினான்.

கடல் கடந்து வாழும், முகமறியாத தமிழர் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முன்னே வரவேண்டும், நீ பின்னே வைத்திருக்கிறாய் என்றார். திருத்தி அனுப்பினான். முன்னெழுத்தோடு எழுதிய பெயர்கள் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு மீண்டும் திருப்பினார். அதையும் திருத்தினான். உனக்குப்பின் வருகிறவன் புரிந்துகொள்ள விளக்கம் எழுதவில்லையே என்று மூன்றாம் முறையும் திருப்பினார். நான்காம் முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு முறையும் பிழை இன்னதென்று பொறுமையோடு எழுதினார். கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. இவன் எந்த ஊர், எந்தக் குலம், தந்தை என்ன தொழில் என்று அவர் ஒருபோதும் கேட்டாரில்லை. நிரல் நேராக இருக்கிறதா என்பது ஒன்றே அவருடைய கேள்வி.

பெயரைக் கேட்டவுடன் மனிதனை அளக்கும் வழக்கம் இன்னும் ஒழியாத நம் சமூகத்திலே, ஓர் ஏழை மகனுக்கு இஃது எத்தகைய விடுதலை என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் குறையில்லாத கூட்டம் என்று ஒன்றில்லை. ஆங்கிலம் அறியாதவன் அங்கே இன்னும் வாசலிலேயே தயங்கி நிற்கிறான். பாயில் அமர்ந்திருந்தவருள் பெண்மக்கள் ஒருவரும் இல்லை. கேட்டபோது, வகுப்புத் தோழியர் சிலருக்கு ஆர்வம் உண்டு, விடுதி நேரமும் வீட்டாரின் தயக்கமும் தடுக்கின்றன என்றார்கள்.

தையற்காரர் சொன்ன விடை

கடலூர் திரும்பியபின் பெரியவரின் கடைக்குச் சென்றேன். நான் விளக்கம் கூறவில்லை. கேள்விகளையே கேட்டேன்.

"ஐயா, தொழில் பழக வரும் பையனுக்கு முதலில் என்ன வேலை கொடுப்பீர்கள்?"

"காஜா எடுக்கச் சொல்வேன், பட்டன் கட்டச் சொல்வேன், சாமி. கத்தரிக்கோலைத் தொடவிட மாட்டேன்."

"கூலி உண்டா?"

"தொடக்கத்தில் ஏது கூலி? டீக்கும் பஸ்ஸுக்கும் காசு கொடுப்பேன்."

"எடுத்த காஜா கோணலாக இருந்தால்?"

"பிரித்துவிட்டு மறுபடி எடு என்பேன். பத்துத் தடவையானாலும் விடமாட்டேன்."

"அவன் கோபித்துக் கொள்ள மாட்டானா?"

"கோபித்துக் கொள்கிறவனுக்குத் தொழில் வராது, சாமி."

சொல்லிவிட்டு அவரே சற்று மௌனமானார். மகனுடைய நிரல் மூன்று முறை திரும்பி வந்ததையும் நான்காம் முறை தேறியதையும் அப்போதுதான் சொன்னேன். "மூன்று தடவை பிரித்தாரா?" என்று கேட்டார். அந்தக் குரலில் முன்னிருந்த கசப்பு இல்லை. தொழில் அறிந்தவர் தொழிலை அடையாளம் கண்டுகொண்டார்.

எனினும் அவர் எளிதில் விடுகிறவர் அல்லர். "சரி, சாமி. நான் தைக்கும் சட்டையை ஒருவன் உடுத்துகிறான். என் கண்ணாலே பார்க்கிறேன். இவன் எழுதுவதை யார் உடுத்துகிறார்கள்?" என்றார்.

"உங்கள் சட்டைப்பையில் இருக்கிறதே, அந்தக் கைப்பேசி" என்றேன்.

உண்மையும் அதுவே. 1991ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், கணினியை இயக்கும் அடிப்படை நிரல் ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கி, அதனை எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று உலகின்முன் வைத்தார். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983இல் அறிவித்த 'க்னூ' என்னும் திட்டத்தின் நிரல்களும் அதனோடு சேர்ந்தன. ஆயிரக்கணக்கானோர் கைவைத்துச் செப்பனிட்டனர். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் உள்ளேயும் அந்த மாணவர் தொடங்கிய லினக்ஸ் கருநிரலே ஓடுகிறது. அதில் உழைப்போர் பலர்க்கு நிறுவனங்கள் இன்று நல்ல ஊதியம் அளிக்கின்றன. ஆனால் தொடங்கியபோது அஃது ஒரு மாணவரின் ஓய்வுநேர ஆர்வமாகவே இருந்தது.

பெயர்ப்பட்டியலின் அருமை

பெரியவரிடம் நான் கூறிய மற்றொன்றையும் இங்கே எழுத வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் பொங்கியபோது, இந்த மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்னும் பெயர்களை உச்சரிக்கும்போது இன்றும் என் நா தயங்குகிறது. குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நான், முகாம் ஒன்றில் கோடுபோட்ட நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முகாமிலும் ஒவ்வொரு நோட்டு. ஒரே பெயரை ஒருவர் ஒருவிதமாக எழுதியிருப்பார், மற்றவர் வேறுவிதமாக எழுதியிருப்பார். பிள்ளையைத் தேடிவந்த ஒரு தாய், ஒரு நோட்டில் இல்லை என்றதும் அடுத்த முகாமுக்கு நடப்பாள். அங்கும் இல்லையென்றால் மருத்துவமனைக்கு நடப்பாள். நோட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததால் அந்தத் தாயின் கால்களே அவற்றிடையே தூது நடந்தன.

அதே நாள்களில், 30,000க்கும் மேற்பட்டோரை இழந்த இலங்கையிலே, கணினித் தொழில் செய்த இளைஞர்கள் தம் வேலையை விட்டுவிட்டுக் கூடினார்கள். காணாமற்போனோர் பட்டியல், முகாம்களில் இருப்போர் பட்டியல், எந்த முகாமுக்கு எந்தப் பொருள் தேவை என்னும் பட்டியல் ஆகியவற்றை ஒன்றாக இணைக்கும் மென்பொருளைச் சில வாரங்களுக்குள் எழுதி முடித்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்னும் பொருள்பட அதற்குச் 'சகானா' என்று பெயரிட்டார்கள். அதனைத் தங்களுக்கென்று பூட்டிவைக்காமல் உலகுக்குத் திறந்து வைத்தார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் எயிட்டி நாட்டு நிலநடுக்கத்தின்போதும் அது துயர்துடைப்புக்குப் பயன்பட்டது. சமூக நன்மைக்கான 2006ஆம் ஆண்டு விருதை அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

பெயர்களை அகரவரிசைப்படுத்தும் சிறு நிரல் எதற்குப் பயன்படும் என்று எவரேனும் கேட்டால், நோட்டுப் புத்தகத்தோடு முகாமில் அமர்ந்திருந்த என்னைக் கேட்கட்டும். 2011இல் தானே புயலும் 2015இல் பெருவெள்ளமும் கண்ட கடலூர் இது. இனியும் நோட்டுகள் எழுதப்படும் நாள் வரலாம். அன்று அவை ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், அதற்கான நிரலை இன்றைக்கே யாரோ ஒருவர் பொறுமையாக எழுதிவைத்திருக்க வேண்டும்.

சட்டைக்காகச் செய்த தொண்டு

நல்லது என்று தெரிந்த இடத்திலும் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, கட்டற்ற மென்பொருளை இளைஞரிடையே பரப்பும் நோக்குடன், 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்றொரு விழாவை நடத்தி வருகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்களை அனுப்பியோருக்குப் பனியன் ஒன்று பரிசாகக் கிடைத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் 2020இல் நடந்தது என்ன? பனியன்மீது மட்டும் கண்வைத்தவர்கள், ஒரு சொல்லை மாற்றியும் ஓர் இடைவெளியைச் சேர்த்தும் பயனற்ற திருத்தங்களை மலைபோல் குவித்தார்கள். அவற்றை அனுப்பியோருள் நம் நாட்டு மாணவரும் இருந்தனர். ஊதியமின்றி மென்பொருளைப் பராமரித்து வந்தவர்கள், தங்கள் ஓய்வு நேரத்தையெல்லாம் குப்பை பொறுக்குவதில் செலவிட நேர்ந்தது. அவ்வாண்டே விதிகள் மாற்றப்பட்டன. விரும்பிச் சேர்ந்த மென்பொருள்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. பின்னாளில் பனியனும் நின்றுபோயிற்று.

இதை நான் சொன்னபோது பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "தையற்காரன் மகனுக்குச் சட்டைக்காப் பஞ்சம்? அவன் அப்படிச் செய்தானென்றால் சொல்லுங்கள், சாமி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

சான்றிதழுக்காகச் செய்யும் தொண்டும் பனியனுக்காகச் செய்யும் தொண்டும் ஒரே வகையினவே. இப்போது, கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை நல்ல துணை. ஆனால் அவை எழுதித் தந்ததைத் தானே படித்துணராமல் பிறருக்கு அனுப்பும் மாணவன், காஜா எடுக்காமலே எடுத்ததாகச் சொல்லும் பையனை ஒப்பான். அவன் விரல் தொழிலைக் கற்பதில்லை.

பெற்றோருக்குச் சில சொற்கள்

முதலாவது, பிள்ளை கணினி முன் அமர்ந்திருக்கிறான் என்பதொன்றையே குற்றமாகக் கொள்ளாதீர்கள். அருகமர்ந்து, என்ன எழுதுகிறாய், எனக்கும் சொல் என்று கேளுங்கள். விளையாட்டில் மூழ்கியவன் மழுப்புவான். நிரல் எழுதுகிறவன் ஒரு மணி நேரம் ஓயாமல் விளக்குவான். வேற்றுமை உங்களுக்கே விளங்கிவிடும்.

இரண்டாவது, அளவு தேவை. இரவு முழுதும் விழித்திருப்பது எந்தத் தொண்டுக்கும் ஏற்றதன்று. பாடம் பின்தங்கினாலும் உடல் தளர்ந்தாலும் தடுத்து நிறுத்துவது பெற்றோரின் கடமை. நம் பையனிடமும் நான் இதைக் கூறினேன். இரவு பதினொரு மணிக்குக் கணினியை மூடுவதாகச் சொல்லியிருக்கிறான். ஞாயிறு பூசையை அவன் என்றும் தவறவிட்டதில்லை. முதற்பூசைக்கும் முதற்பேருந்துக்கும் உள்ள இடைவெளியை என்னைவிட அவனே நன்கு அறிவான்!

மூன்றாவது, பெண்மக்களைத் தடுக்காதீர்கள். துணைக்குத் தாயோ தமையனோ சென்று வரலாம். பகலில் நம் பங்கு மன்றங்களிலேயே இடம் தரலாம். மகனுக்குத் திறந்த கதவு மகளுக்கு மூடப்படுமானால், பொது என்று நாம் சொல்வது பொய்யாகிவிடும்.

நம் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பெயர் கார்லோ அகுதிஸ். 1991இல் பிறந்து, 15 வயதில், 2006இல் மறைந்த அந்த இத்தாலியச் சிறுவர், நிரல் எழுதும் கலையைத் தாமே நூல்களைப் படித்துக் கற்றவர். 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கணினி எழுதியதால் அவர் புனிதரானார் என்று நான் சொல்லவில்லை. தாம் கற்ற தொழிலைத் தம் பெருமைக்கென வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கென ஈந்தார் என்பதை மட்டும் சுட்டுகிறேன். அந்த ஈகையை நம் பிள்ளைகளிடம் காணும்போது அதை அடையாளம் கண்டுகொள்ளும் கண் நமக்கு வேண்டும்.

இதனால் வேலை கிடைத்துவிடும் என்று உறுதி கூற நான் துணியமாட்டேன். நம் தையற்காரர் மகன் இறுதியாண்டில் இருக்கிறான். ஆள் எடுக்க வந்த இரு நிறுவனங்கள் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர்கள், நீ எழுதியவற்றைக் காட்டு என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று முறை திருப்பப்பட்ட அந்த நிரலையும், திருப்பியவரின் குறிப்புகளையும் மறைக்காமல் அவன் காட்டியிருக்கிறான். இதை எழுதும் நாள்வரை முடிவு வரவில்லை. வங்கிக் கடன் அப்படியே இருக்கிறது. பெரியவரின் கவலையும் தீரவில்லை. எனினும் அவருடைய கேள்வி இப்போது மாறியிருக்கிறது. "எவ்வளவு கொடுப்பார்கள்?" என்று கேட்டவர், "இந்த வாரம் எது திரும்பி வந்தது?" என்று மகனைக் கேட்கிறாராம்.

கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைப்பாளன் தன் கூலிக்கு உரியவன். இந்தப் பிள்ளைகளும் நாளை நியாயமான ஊதியம் பெற்றுக் குடும்பத்தைக் காக்க வேண்டும். ஆனால் கூலிக்கு முன்னே கைப்பழக்கம் வர வேண்டும். கைப்பழக்கத்தோடு, தன் பிழையைப் பிறர் சுட்டும்போது தாங்கிக்கொள்ளும் மனமும், தான் பெற்றதை அடுத்தவனுக்குக் கைமாற்றும் மனமும் வளர வேண்டும். இவை சந்தையில் விலைக்குக் கிடைப்பவை அல்ல. இவற்றைக் கற்பிக்கும் கூட்டம் ஒன்று உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்குமானால், பேருந்துக் கட்டணத்தைக் கையில் கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவையுங்கள்.